ஐந்து நிமிடப் பேச்சு

எமது மேடைகளில் ஒலிவாங்கி கையில் வந்ததும், தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே என்று விளிப்பதிலேயே மூன்று நிமிடம் ஓடிவிடும். ஊரில் அது மரியாதை. ரொறன்ரோ நகரசபைக் குழுவின் முன் பேசப் பெயர் கொடுத்தால் வழக்கமாகக் கிடைப்பதே ஐந்து நிமிடம்தான். தலைவருக்கு ஒரு வணக்கம் போதும். "எமது தெருவில் பிள்ளைகள் கடக்கும் இடத்துக்குச் சிக்னல் விளக்கு வேண்டும்" என்று முதல் வசனத்திலேயே கேட்டுவிடுங்கள். காரணங்கள் பிறகு. கடைசிக்கென்று வைத்திருந்தால், கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

இடத்துக்கேற்பப் பேசும் முறையை மாற்றுவது எமக்குப் புதிதல்ல. மெதடிஸ்த பாடசாலையில் படிப்பித்த ஆறுமுக நாவலர், பாதிரிமாரின் பிரசங்க முறையைக் கவனித்து, 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பிறகு அது வெள்ளிதோறும் நடந்தது.

ஆங்கிலம் தடுமாறுமே என்கிறீர்களா? தடுமாறட்டும். முழுவதையும் எழுதி வாசித்தால் தலை நிமிராது. நாலு குறிப்புகளைச் சிறு கடதாசியில் எழுதி, வீட்டில் மணிக்கூட்டைப் பார்த்து இரண்டு தரம் சத்தமாகப் பேசிப் பாருங்கள். கேட்பதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் உச்சரிப்பைத் திருத்துவதில் அவர்களுக்குக் கொள்ளை ஆசை.