யாருடைய பசி?

கல்லூரிகள் கோடை விடுமுறையில் மாணவர் ஸ்டார்ட்அப்களுக்கு ஆக்சிலரேட்டர் என்ற பயிற்சி முகாம் நடத்த வேண்டும் என்று போன இதழில் வந்த நீண்ட கட்டுரையைப் படித்தேன். பாதி எனக்கும் சம்மதம். வில்லங்கம் மீதிப் பாதியில் இருக்கிறது. பத்து வாரம் நடத்துங்கள், உதவித்தொகை என்று காலணா கொடுக்காதீர்கள், தலைக்கு 15,000 ரூபாய் கட்டணம் வாங்குங்கள், காசு கட்டினால்தான் அருமை தெரியும், பசி இருந்தால்தான் ஓடுவார்கள். கல்லூரித் தாளாளர்களுக்கு அவர் சொல்லும் யோசனையின் சாரம் இதுதான். செலவே இல்லாமல் வரவு மட்டும் வரும் சீர்திருத்தம் எந்தத் தாளாளருக்குக் கசந்திருக்கிறது?

தன் தரப்புக்கு அவர் பெரிய பெரிய சாட்சிகளைக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டவர் அவர்களைக் கொஞ்சம் விசாரித்துவிட்டுக் கூண்டில் ஏற்றியிருக்கலாம்.

முதல் சாட்சி அமெரிக்காவின் எம்ஐடி. அங்கே மார்ட்டின் டிரஸ்ட் மையம் ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை ‘டெல்டா வி’ என்று ஒன்றை நடத்துகிறது. மாதம் ஒருமுறை, நிஜக் கம்பெனியின் இயக்குநர் குழு மாதிரி எதிரே ஆட்களை உட்காரவைத்து மாணவர்களிடம் கணக்குக் கேட்கிறார்கள். இதை வியந்து கட்டுரையாளர் ஒரு பத்தியே எழுதியிருக்கிறார். அந்த மாணவர்களுக்குக் கோடை முழுக்க உதவித்தொகை தருகிறார்கள் என்பதையும், இலக்கை எட்டும் அணிக்கு அதற்கு மேலும் பணம் கொடுக்கிறார்கள் என்பதையும், பதிலுக்குக் கம்பெனியில் பங்கு கேட்பதில்லை என்பதையும் எழுத அவருக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. விருந்தைப் பார்த்துவிட்டு வந்தவர் பந்தலின் அழகை மட்டும் சொல்கிறார். இலையில் சோறு இருந்ததை மறந்துவிட்டார்.

அடுத்த சாட்சி, ஸ்டார்ட்அப்களுக்குப் பணம் போட்டு வளர்க்கும் ஒய் காம்பினேட்டர். அது பல்கலைக்கழகத்தின் பிள்ளை அல்ல. ஆனாலும் 2005 கோடையில் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அது தொடங்கியது மாணவர்களை நம்பித்தான். அந்த முதல் வரிசைக்குப் பெயரே ‘சம்மர் ஃபவுண்டர்ஸ் புரோகிராம்’. கோடையில் எங்காவது வேலைக்குப் போகிற மாணவன், அதற்குப் பதிலாக இங்கே வந்து கம்பெனி தொடங்கட்டும் என்பது யோசனை. ஆளுக்கு 6,000 டாலர். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று நிறுவனர் பால் கிரஹாமே எழுதியிருக்கிறார். எம்ஐடியின் ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கோடைக்கு அவ்வளவு கிடைக்கும் என்று கூட்டாளி ராபர்ட் மோரிஸ் சொன்னாராம், அதையே வைத்துக்கொண்டார்களாம். அவர்கள் ஒன்றும் தர்மசத்திரம் நடத்தவில்லை. கொடுத்த பணத்துக்குப் பங்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பையன் மூன்று மாதம் வாடகை கட்டிச் சாப்பிட்டாக வேண்டும் என்ற கணக்கைத்தான் முதல் வேலையாகப் போட்டார்கள். பசியை முதலீடாகக் கருதும் ஞானம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அந்தக் கோடையில் பிறந்ததுதான் ரெடிட். ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்சிஸ் ஒஹானியனும் விர்ஜினியா பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுபோனது வேறு யோசனை. கைப்பேசியில் சாப்பாடு ஆர்டர் செய்வது. அது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டு, ஆட்கள் நல்ல ஆட்கள், வேறு ஏதாவது செய்யச் சொல்லலாம் என்று மறுபடி கூப்பிட்டார்கள். 40 பக்க வணிகத் திட்டம் இல்லாதவரை உள்ளே விடவே கூடாது என்கிறார் நம் கட்டுரையாளர். அன்று வாசலில் அவர் நின்றிருந்தால் ரெடிட்டும் வாசலோடு போயிருக்கும்.

அடுத்த சாட்சி கூகுள். ஒரு கோடையில் பல்கலைக்கழக அறையில் உதித்ததாம். ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1996 முதல் அதைத் தேய்த்துத் தேய்த்து உருவாக்கினார்கள். அந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் நிறுவனப் பணமும் போயிருக்கிறது. கம்பெனி என்று பதிவானது 1998 செப்டம்பரில். எத்தனை கோடை என்று கட்டுரையாளரே கூட்டிக்கொள்ளட்டும்.

சென்னைக்கு வருவோம். ஐஐடி மெட்ராஸைக் காட்டி, மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தரும் ராக்கெட் செய்யும் அக்னிகுலும் மாணவர் கம்பெனிகள் என்கிறார். ஏத்தரைத் தொடங்கிய தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் அங்கே படித்து முடித்து, வேலைக்கும் போய்விட்டு, பிறகு வளாகத்துக்குத் திரும்பி வந்தவர்கள். தொடங்கியது 2013. வாடிக்கையாளர் கைக்கு முதல் ஸ்கூட்டர் போனது 2018. அக்னிகுலின் ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் அமெரிக்காவில் நிதித்துறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். 2017இல் தொடங்கி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அவர்கள் ராக்கெட் முதல்முறை கிளம்பியது 2024 மே 30 அன்று. ஏழு வருஷம் ஆய்வகத்தையும் பேராசிரியரையும் திறந்துவைத்திருந்த ஒரு வளாகத்தைக் காட்டி, பத்து வாரக் கூட்டத்துக்குக் கட்டணம் வசூலிக்கச் சொல்கிறார் நம் ஆள்.

பத்து வாரம் என்கிறாரே, அந்தப் பத்து வாரம் எங்கே இருக்கிறது? ஏப்ரல், மே செமஸ்டர் தேர்வு முடிந்து அடுத்த செமஸ்டர் திறப்பதற்குள் நம் பொறியியல் கல்லூரிகளில் மிஞ்சுவது நான்கைந்து வாரம். அதற்குள் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வாங்க வேண்டும், அரியர் இருந்தால் அதற்கும் படிக்க வேண்டும். அமெரிக்க நாள்காட்டியை அப்படியே மாட்டுவதற்கு முன் நம் சுவரில் ஆணி இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம்.

இவையெல்லாம் தகவல் பிழைகள், திருத்திவிடலாம். எனக்கு ஆத்திரம் மூட்டியது வேறு. இந்த வயதில் மாணவருக்கு இழக்க ஒன்றுமில்லை, தோற்றாலும் ஒரு கோடைதானே போகும் என்கிறார்.

சில வருஷங்களுக்கு முன் கொங்குப் பக்கம் ஒரு கல்லூரியில் இப்படியொரு கோடை நிகழ்ச்சிக்கு என்னை ஜூரியாகக் கூப்பிட்டார்கள். வாசலில் ஃப்ளெக்ஸ், ஏசி ஹால், பொன்னாடை, முந்திரி. பதினோரு அணிகள். ஆறோ ஏழோ, எதையாவது வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் ஆப். கடைசியில் ஏறியது மூன்றாம் ஆண்டு இசிஇ படிக்கும் ஒரு பெண். பல்லடம் பக்கம். வீட்டில் நான்கு விசைத்தறி, கூலிக்கு நெய்கிறார்கள். சாதாரணத் தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தால் தறிக்குத் தெரியாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். துணியில் நீளத்துக்கு ஒரு கோடு விழும். பார்த்து நிறுத்துவதற்குள் இரண்டு மீட்டர் போயிருக்கும், கூலியில் பிடித்துக்கொள்வார்கள். புதிய தறிகளில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தகடு தொங்கும், நூல் அறுந்தால் தகடு விழுந்து தறி நின்றுவிடும். பழைய தறிக்கு அதை மாட்டுவது கட்டுப்படியாகாது. இவள் பாவுக்கு அடியில் குறுக்கே ஒரு லேசர் ஒளியை விட்டிருந்தாள். அறுந்த நூல் தொய்ந்து ஒளியை மறித்தால் ரிலே தறியை நிறுத்திவிடும்.

வேலை செய்கிறதா என்று கேட்டேன். “பஞ்சு பறந்து குறுக்க வந்தாலும் நின்னுருது சார். ஒரு மணி நேரத்துக்கு அஞ்சாறு தடவை. அப்பா திட்றாரு” என்றாள். அன்று மேடையில் கேட்ட ஒரே உண்மையான வாக்கியம் அது. அவளுக்குத் தேவைப்பட்டது தறிப்பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சையும் நூலையும் பிரித்தறிய வைக்கும் பத்து வாரம். என் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டது எக்ஸிட் ஸ்ட்ராட்டஜி என்ன, கம்பெனியை விற்றுவிட்டு எப்படி வெளியேறுவாய் என்று.

தேர்வானாள். மூன்றாவது வாரம் வரவில்லை. விசாரித்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போயிருந்தாள். ஒவ்வொரு கோடையும் போகிற வேலைதானாம். சனிக்கிழமை தவறாமல் சம்பளம், வாரம் 3,000 வரை தேறும். அடுத்த செமஸ்டர் பீஸ் அதிலிருந்துதான். அந்த ஒரு கோடையை இழந்தால் அவள் என்ன இழப்பாள் என்பது இப்போது கட்டுரையாளருக்குப் புரிந்திருக்கும். அவர் சொல்லும் பத்து வாரக் கணக்குப்படி 30,000 ரூபாய் வரை. அதையும் விட்டுவிட்டு மேலே 15,000 கட்டச் சொல்கிறார். கட்டக்கூடியவர்கள் கட்டுவார்கள், சாப்பாடு கொண்டுவரும் இன்னொரு ஆப்போடு வருவார்கள். பசி இருந்தால் ஓடுவார்கள் என்றாரே, அவள் ஓடத்தான் செய்தாள். காலை ஏழு மணி கம்பெனி பஸ்ஸுக்கு.

கல்லூரிக்கு எங்கிருந்து பணம் வரும் என்று கேட்பார்கள். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை, இடமும் உதவியும் கொடுக்கும் கல்லூரி மாணவர் கம்பெனியில் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த வரி எல்லாத் தாளாளருக்கும் மனப்பாடம். பங்கு கேட்கத் தெரிந்தவருக்கு ஒரு கோடைக்குச் சோறு போடவும் தெரிய வேண்டாமா? பதினோரு அணியில் வீட்டு நிலைமை பார்த்து நான்கைந்து பேருக்கு வாரம் 3,000 வீதம் பத்து வாரம் கொடுத்தாலும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது. அன்றைய தொடக்க விழாவுக்கு எவ்வளவு ஆனது என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, “சாப்பிட்டுப் போங்க சார்” என்றார்.

வருஷக் கடைசியில் அந்தக் கல்லூரியின் ஆண்டறிக்கை தபாலில் வந்தது. அட்டையில் அந்தப் பெண், கையில் மைக், பின்னால் திரையில் தறி. அவள் நிகழ்ச்சியை முடிக்கவில்லை என்பது உள்ளே எந்தப் பக்கத்திலும் இல்லை. எனக்குப் பொன்னாடையோடு கொடுத்த பித்தளை நடராஜர் இன்னும் என் அலமாரியில் நிற்கிறார். கட்டுரையாளர் வீட்டிலும் இரண்டு மூன்று இருக்கும்.