பயிர்ப் பட்டியலும் ஊர்ப் பாகுபாடும்

காப்புறுதி என்பது ஒருவனுக்கு நேரும் இடரைப் பலர் பகிர்ந்து தாங்கும் ஏற்பாடு. அத்தாங்குதல் ஊர் பார்த்து வழங்கப்படுமாயின் அது காப்புறுதியன்று, சலுகையேயாகும். ஓர் ஊரை ஒதுக்குவதற்கு அதன் பெயரைச் சொல்லவேண்டுவதில்லை. அங்கு விளையும் பயிரைப் பட்டியலில் எழுதாது விட்டாலே போதும்.

வலிகாமம் கிழக்கிலுள்ள புத்தூர் இதற்குச் சான்று. நிலாவரைக் கிணற்றால் பெயர்பெற்ற இப்பகுதியின் செம்மண் தோட்டங்களில் சின்ன வெங்காயம் முக்கியமான பணப்பயிர். விதை வெங்காயத்துக்கும் பசளைக்குமாக நகையை அடைவு வைத்துத் தோட்டஞ் செய்வோர் பலர். மாரிமழை மிஞ்சினால் பயிர் அழுகும், நகை மீளாது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளம் இவ்வுண்மையைக் குடாநாடு முழுவதற்கும் உணர்த்திற்று.

இலங்கையிற் பயிர்க் காப்புறுதி 1958இல் நெல்லோடு தொடங்கியது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் பிற பயிர்களுக்கும் வழி திறந்தது. ஆயினும், 2018இல் கட்டுப்பணம் அறவிடாது ஏக்கருக்கு 40,000 ரூபா வரை இழப்பீடு வழங்கும் திட்டம் வந்தபோது, நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் என 6 பயிர்களே அதில் இடம்பெற்றன. மாத்தளை மாவட்டத்திற் பெருக விளையும் பெரிய வெங்காயம் உள்ளே. யாழ்ப்பாணத்தின் சின்ன வெங்காயம் வெளியே!

மிளகாயும் உருளைக்கிழங்கும் குடாநாட்டிலும் விளைகின்றனவே, இதிற் பாகுபாடு எங்கே என வினவுவர் சிலர். உள்நோக்கம் இருந்ததா என்பதன்று வினா. விளைவு யாது என்பதே வினா. ஒரே மழையில் அழியும் இரு வெங்காயங்களுள் ஒன்றுக்கு ஈடு உண்டு, மற்றதற்கு இல்லை எனில், அதற்குரிய நியாயத்தைக் கூறும் பொறுப்பு திட்டம் வகுத்தோரைச் சாரும். சின்ன வெங்காயத்துக்கு இடர் மிகுதி என்பாராயின் இழப்பை அளந்து காட்டட்டும். அளவாது மறுப்பது கணக்கன்று, புறக்கணிப்பு.

ஐக்கிய அமெரிக்காவில் நகரங்களின் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைக் காப்புறுதி நிறுவனங்கள் மொத்தமாக ஒதுக்கிவந்தன. 1967ஆம் ஆண்டுக் கலவரங்களின் பின் அமைந்த குழுவொன்று இதனை ஆராய்ந்தது. 1968இற் சட்டமும் பிறந்தது. அதன்வழி அமைந்த திட்டங்களின் அடிப்படை எளியது: கட்டடத்தைத் தனித்தனியே பார்வையிட்டு முடிவு செய்க, அது நிற்கும் இடத்தைக் காரணமாக்கி மறுக்காதே. கட்டடத்துக்குப் பொருந்தும் இந்நீதி தோட்டத்துக்கும் பொருந்தும்.

ஊருக்குள்ளும் ஒரு பாகுபாடு உண்டு. காணி ஒருவருடையது, வியர்வை வேறொருவருடையது என்னும் நிலை யாழ்ப்பாணச் சாதியமைப்பின் நெடுநாள் எச்சம். இழப்பீட்டுக்குக் காணி உறுதியே சான்றாகுமாயின், குத்தகைக்குப் பயிரிடுபவன் நட்டத்தைச் சுமக்க, உறுதி வைத்திருப்பவன் ஈட்டைப் பெறுவான். வெளியார் செய்யும் புறக்கணிப்பைக் கண்டிப்போர் வேலிக்குள் நிகழும் இதனைக் கண்டும் வாளாவிருத்தல் தகாது.

ஆகவே, சின்ன வெங்காயம் பட்டியலிற் சேர்க்கப்படல் வேண்டும். எப்பயிரை விலக்கினும் அதற்குரிய இழப்புக் கணக்கு வெளியிடப்படல் வேண்டும். பயிரிட்டவனே ஈடு பெறல் வேண்டும். இவை இரக்கத்தின்பாற்பட்ட வேண்டுகோள்களல்ல. பொதுநிதியில் எல்லா ஊரின் பணமும் உண்டு. அதன் காப்பும் எல்லா ஊருக்கும் உரியது.