சக்கரம் கழன்றபோது கேட்ட குரல்



விமானம் ஓட்டக் கற்பவர்க்கு மறக்கவியலாத நாள் ஒன்று உண்டு. அதுவரை பக்கத்தில் அமர்ந்திருந்த ஆசிரியர் இறங்கி நின்று, மாணவரைத் தனியே பறக்க விடும் நாள் அது. அமெரிக்க நாட்டில் 16 வயது நிரம்பியவர் இவ்வாறு தனியே பறக்கச் சட்டம் இடந்தருகிறது. ஆயினும், 'இவரால் இயலும்' என்று ஆசிரியர் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டாலன்றி எவரும் தனியே எழும்ப முடியாது.

2018 செப்டம்பரில் 17 வயது மாணவி ஒருத்திக்கு அந்நாள் வாய்த்தது. இடம், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகருக்கு வடக்கேயுள்ள பெவர்லி விமான நிலையம். அவள் ஏறியது பைப்பர் வாரியர் என்னும் சிறு விமானம். முகப்பின் கீழ் ஒன்றும், இரு இறக்கைகளின் கீழ் ஒவ்வொன்றுமாக மூன்று சக்கரங்கள் அதற்கு உண்டு. ஓடுபாதையை விட்டு எழும்புகையில் வலப்புறச் சக்கரம் கழன்று விழுந்தது. அவள் அதனை அறியவில்லை. கீழிருந்து வானொலி வழியே சொல்லப்பட்டபோதே அறிந்தாள்.

பறப்பதற்குச் சக்கரம் வேண்டுவதில்லை. இறங்குவதற்கோ அது இன்றியமையாதது. அதிலும், இறங்குதலே பயிற்சியில் கடினமான பாடம். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் விமானத்தைத் தரைக்குச் சற்று மேலே முகப்பை மெல்ல உயர்த்தி, வேகம் குன்றச் செய்து, பின்சக்கரங்கள் இரண்டும் முதலில் தரை தொடுமாறு இறக்கவேண்டும். அவசரப்பட்டால் விமானம் பந்துபோல் துள்ளும். பதறிய மாணவர் முகப்பைக் கீழே அழுத்துவார். அது முன்னிலும் வலிதாக மோதித் துள்ளும். முன்சக்கரம் ஒடிவதும், சுழலும் விசிறி தரையில் இடிபடுவதும் இவ்வாறே நேர்கின்றன. ஆகவே, இறக்கம் சரிப்படவில்லையெனில் வற்புறுத்தாமல் மீண்டும் மேலெழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வருமாறு ஆசிரியர்கள் கற்பிக்கின்றனர். அதனை எவரும் தோல்வியாகக் கருதுவதில்லை.

அம்மாணவியும் உடனே இறங்க முற்படவில்லை, வானில் வட்டமிட்டாள். எத்தனை முறை சுற்றினாலும் இழந்த சக்கரம் திரும்பாது; ஆனால் மனத்தைத் திடப்படுத்த அவகாசம் கிடைக்கும். அவள் குரலில் அச்சம் தெரிந்தது. அப்போது வானொலியில் அவளுடைய ஆசிரியரின் குரல் ஒலித்தது. பெயர் சொல்லி அழைத்தார், நலம் விசாரித்தார், உனக்கு ஒன்றும் நேராது என்று தேற்றினார். பின்னர் செய்யவேண்டியவற்றைப் படிப்படியாக உரைத்தார்.

சக்கரமில்லாத பக்கத்து இறக்கையை இயன்றமட்டும் உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். வேகம் குறையக் குறைய இறக்கையைத் தாங்கும் ஆற்றலும் குறையும்; இறுதியில் அப்பக்கம் சாய்ந்தே தீரும். அவ்வாறே அவள் இறங்கினாள். விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்தரையில் சறுக்கி நின்றது. அவள் காயமின்றி வெளியே வந்தாள்.

அவ்வாசிரியர் சக்கரம் கழன்றதன் காரணத்தை அவ்வேளையில் ஆராயவில்லை. முதலில் விமானத்தைப் பறக்க வை. அடுத்து வழியைப் பார். அதன் பின்னரே பேசு என்பது விமானிகளுக்குப் போதிக்கப்படும் வரிசை. காரணத்தைத் தேடும் விசாரணைக்கு அதற்குரிய நேரம் தரையில் உண்டு.

நம் இல்லங்களில் இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறதன்றோ! மக்களை விடுதிக்கும் வேலைக்கும் மணவாழ்வுக்கும் அனுப்பி வைக்கிறோம். தேர்வில் தவறியவனோ, பணத்தை இழந்தவனோ, வேலை போனவனோ தலைகவிழ்ந்து வந்து நிற்கையில், "அப்போதே சொன்னேனே!" என்பதுதான் நாம் கூறும் முதற்சொல். நாமும் ஒருமுறை அச்சொல்லைக் கூறினோம். அதற்குப்பின் ஓராண்டுக் காலம் அம்மகன் தன் இடர் எதனையும் நம்மிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. துணைக்குரல் ஏதுமின்றித் தனியே தரையிறங்க அவனை நாமே விட்டுவிட்டோம் என்பதைக் காலங்கடந்தே உணர்ந்தோம்.

அம்மாணவி அக்குரலை நம்பியதற்குக் காரணம், பலமணி நேரம் பக்கத்திலிருந்து அதனைக் கேட்டுப் பழகியிருந்தாள் என்பதே. ஆபத்து வேளையில் அத்தகைய நம்பிக்கையைப் புதிதாக உண்டாக்க இயலாது. இரவுச் செபம் முடிந்து உணவுக்கு அமர்கையில், அன்றைய நாள் எவ்வாறு கழிந்தது என்று மக்களைக் கேட்போம். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாது செவிமடுப்போம். இன்றிரவே தொடங்கலாமே!