கூடுதல் எட்டு பிட்

மேல்மலையனூர் சுற்றுவட்டாரக் காலனிகளில் கோடை விடுமுறை என்பது பெயருக்குத்தான். மல்லாட்டை பிடுங்க ஆள் கூப்பிடுவார்கள். சென்னைக் கட்டட வேலைக்கு மேஸ்திரி கூப்பிடுவார். கல்லூரிப் பிள்ளைகளின் அடுத்த ஆண்டுச் செலவுக்கு அந்தக் கூலிதான் வழி.

மாசித் தேர் முடிந்த வாரம், பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்தாள். "அண்ணா, சென்னை ஐஐடியில வெளிக்கல்லூரிப் பிள்ளைங்களுக்கு ரெண்டு மாசக் கோடை ஆராய்ச்சி இருக்கு. கம்ப்யூட்டர் மெமரியில வர்ற பிழையைப் பத்திப் படிக்க ஆசை. ஆனா போனா கூலி போயிடும்" என்றாள்.

தமிழ் படித்த எனக்கு அவள்தான் விளக்கினாள். நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் துளி மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். ஒரு வரிசையை ஓயாமல் இயக்கினால், தொடாத பக்கத்து வரிசையிலும் பிட் புரளலாம். 2014-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக, இன்டெல் ஆய்வாளர்கள் இதை விரிவாகக் காட்டினார்கள். 2003-இல் பெல்ஜியம் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாகப் பதிவாயின. ஒரு பிட் புரண்டதே காரணம் என்று கருதப்பட்டது. நம் சாதிச் சான்றிதழும் பட்டாவும் இன்று கணினியில்தானே இருக்கின்றன?

இதற்குத் தீர்வும் உண்டு. முக்கியமான கணினிகளில் 64 பிட் தரவோடு 8 பிட் கூடுதலாக வைக்கிறார்கள். ஒரு பிட் புரண்டால் அது திருத்தும். இரண்டு புரண்டால் எச்சரிக்கும். 1950-இல் ரிச்சர்ட் ஹாமிங் வெளியிட்ட முறையின் வழிவந்தது இது. அந்த எட்டைச் சலுகை என்று எந்தப் பொறியாளரும் சொல்வதில்லை. நம் பிள்ளைகளின் உதவித்தொகையையும் இடஒதுக்கீட்டையும் மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?

2024-இல் உத்தரப் பிரதேச தலித் மாணவர் ஒருவர் 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியாமல் தன்பாத் ஐஐடி இடத்தை இழந்தார். உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அந்த இடம் திரும்பக் கிடைத்தது. 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைத்திராவிட்டால் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா போயிருக்க முடியுமா? இரண்டு இடத்திலும் குறை திறமையில் இல்லை. பணம் வந்து சேரும் நேரத்தில்தான்.

ஆகவே நம் கோரிக்கை எளியது. கோடை ஆராய்ச்சிக்குத் தேர்வாகும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் பயணம், தங்குமிடம், சாப்பாட்டுச் செலவை ஆதிதிராவிடர் நலத்துறை முன்பணமாகத் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் வீடு இழக்கும் கூலியையும் அதில் சேர்க்க வேண்டும். விண்ணப்பிக்கும் வழியைக் கிராமப்புறக் கல்லூரிகள் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

அந்த மாணவி விண்ணப்பித்துவிட்டாள். தம்பி, தங்கைகளே, நீங்களும் விண்ணப்பியுங்கள். இடம் கிடைத்த பிறகு காசில்லாமல் யாரும் திரும்பி வராதபடி பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.