கரியைச் சுரண்டுறதுக்கு முன்னாடி விறகைப் பாருங்க

காரை சர்வீஸ் விட்டு எடுத்த பில்லை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. ஆயில், ஃபில்டர், கூலிக்குக் கீழே "இன்ஜின் டீகார்பனைசிங்" என்று ஒரு வரி இருந்தாலும் இருக்கும். சில இடங்களில் அதற்கே "ஹைட்ரஜன் கிளீனிங்" என்று பெயர். இரண்டாயிரம், மூவாயிரம் என்று போட்டிருப்பார்கள். நம்ம பாஷையில் சொன்னால் இன்ஜினில் கரி எடுக்கிற வேலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினுக்கு வருசா வருசம் கரி எடுக்கத் தேவையில்லை. சரியாக ஓடாத இன்ஜின் என்றால், கரியை எடுப்பதற்கு முன்னால் அது எப்படி வந்தது என்று பார்க்கணும். அதைப் பார்க்காமல் மருந்து ஊற்றிக் கழுவினால் கழுவப்படுவது உங்கள் பாக்கெட்தான்.

தோட்டம் பார்க்கிறவனுக்கு கார் இன்ஜினில் என்ன பேச்சு என்று கேட்பீங்க. இன்ஜினும் கரியும் எங்களுக்குப் புதுசு இல்லீங்க. கரண்ட் மோட்டார் வருவதற்கு முன்னால் எங்க கோபி பக்கம் கிணத்துமேட்டில் எல்லாம் ஆயில் இன்ஜின்தான். அஞ்சு குதிரை டீசல் இன்ஜின், கைப்பிடி போட்டுச் சுத்தி ஸ்டார்ட் பண்றது. அதுக்குக் கரி எடுக்கிறது வழக்கமான பராமரிப்பு வேலை. ஃபிட்டர் வந்து ஹெட்டைக் கழற்றுவார். பிஸ்டன் தலையிலும் வால்விலும் கரி அடை மாதிரி அப்பியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊற வைத்து மூங்கில் சிம்பால் சுரண்டுவார். ஸ்குரூ டிரைவரை அதன்மேல் வைக்க விடமாட்டார். கீறல் விழுந்தால் கரி அங்கேதான் முதலில் பிடிக்கும் என்பார். அப்புறம் வால்வுக்குப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, பொருந்த உட்கார வைத்து, ஹெட்டை மாட்டுவார். ஒரு நாள் முழுசும் ஆகும்.

ஆனால் வந்ததும் அவர் ஸ்பேனரை எடுக்க மாட்டார். இன்ஜினை ஓட்டச் சொல்லிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு புகைக்குழாயை அண்ணாந்து பார்ப்பார். கறுப்புப் புகை என்றால் டீசல் முழுசா எரியவில்லை. நாசில் ஒழுகுது, இல்லையென்றால் ஏர் கிளீனர் அடைத்திருக்குது, அதுவும் இல்லையென்றால் இழுக்க முடியாத பாரத்தை இழுக்குது. நீலப் புகை என்றால் ஆயில் எரியுது, ரிங்கைப் பார்க்கணும். "இதைச் சரி பண்ணாம கரியை மட்டும் எடுத்துட்டுப் போனா, ரெண்டே மாசத்துல மறுபடி என்னைக் கூப்புடுவீங்க"ம்பார். மறுபடி வந்தால் அவருக்குத்தான் கூலி. அப்படியும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்.

விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இது படிக்காமலே தெரியும். பானை அடி அதிகமாகக் கரி பிடித்தால் எங்க ஆத்தா பானையைத் திட்டாது, விறகைத்தான் திட்டும். ஈர விறகு புகையும், புகை கரியாகப் படியும். காய்ந்த விறகு சுடர்விட்டு எரியும், கரி குறைவு. நல்ல விறகாக இருந்தாலும் கொஞ்சம் கரி இருக்கத்தான் செய்யும். அதற்காக யாரும் தினமும் பானையைச் சுரண்டிச் சுரண்டி ஓட்டை ஆக்குவதில்லை.

சரி, நகரத்துக் காரில் ஈர விறகு எது?

முதலாவது, சூடேறாத இன்ஜின். காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் குளிர்ந்த இன்ஜினுக்கு கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் கொடுக்கும். அதில் ஒரு பங்கு சரியாக ஆவியாகாமல், அரைகுறையாக எரிந்து கரியாகும். இன்ஜின் ஆயில் நன்றாகச் சூடேற பத்துப் பதினைந்து நிமிச ஓட்டமாவது வேணும். நீங்களோ அபார்ட்மெண்டில் இருந்து ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை இறக்கிவிட்டு, திரும்பி வந்து நிறுத்திவிடுகிறீர்கள். சாயங்காலம் காய்கறிக் கடைக்கு இன்னொரு ஒன்றரை கிலோமீட்டர். அடுப்புப் பற்றுவதற்குள் அணைத்து, மறுபடி மூட்டி, மறுபடி அணைக்கிற கதைதான்.

இரண்டாவது, சிக்னலில் நின்றபடி ஓடுவது. ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் சூடு குறைவு, காற்றோட்டமும் குறைவு. படிகிற கரி எரிந்து போக வழி கிடைக்காது.

மூன்றாவது, ஆயில் ஆவி. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிற வாயுவும் ஆயில் ஆவியும் வெளியே விடப்படுவதில்லை. காற்றைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக மறுபடியும் இன்டேக் குழாய்க்கே திருப்பி விடுகிறார்கள். அந்தப் பிசுக்குத்தான் வால்வின் முதுகில் கரி ஒட்டுவதற்குப் பசை.

இங்கேதான் உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்திருக்கணும். நம்ம ஊரில் ஓடுகிற சாதாரண பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை எம்.பி.எஃப்.ஐ. வகை. வால்வுக்கு வெளியே, குழாயிலேயே பெட்ரோலைப் பீய்ச்சும். அந்தப் பெட்ரோலே வால்வு முதுகைக் கழுவிக்கொண்டு போகும். தினமும் நடக்கிற இலவச கிளீனிங் அது. ஹூண்டாயின் டர்போ ஜி.டி.ஐ., ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் டி.எஸ்.ஐ. போன்றவை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற வகை. மைலேஜும் இழுவையும் நன்றாக இருக்கும், ஆனால் வால்வு முதுகைக் கழுவ ஆள் இல்லை. அந்த இன்ஜின்களில் காலப்போக்கில் வால்வில் கரி படிவது உண்மையான பிரச்சினை.

டீசல் காரில் எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கே அனுப்புகிற ஈ.ஜி.ஆர். வால்வு இருக்கிறது. அந்தப் புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்தால் தார் மாதிரி ஆகும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற டி.பி.எஃப். வடிகட்டியும் உண்டு. பிடித்த கரியை எரிக்க அதற்கு நல்ல சூடு வேணும். ஊருக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருந்தால் அந்தச் சூடு எப்போது வரும்? தினம் நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு டீசல் கார் தேவையா என்பது வாங்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம்.

என் தங்கச்சி மகன் கோவையில் வேலை பார்க்கிறான். சாதாரண பெட்ரோல் கார், மூணு வருசம், இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் இருந்து போன் பண்ணினான்.

"மாமா, கரி எடுக்கலைன்னா இன்ஜின் கெட்டுப் போயிருமாமுங்க. மூவாயிரத்தி இருநூறு கேக்கறாங்க."

"கரி இருக்குதுன்னு எப்படிக் கண்டுபுடிச்சாங்க?"

"பார்க்கலைங்க மாமா. இருபதாயிரம் தாண்டுன எல்லா வண்டிக்கும் பண்றதாமுங்க."

"வண்டி இழுக்குதா?"

"இழுக்குதுங்க."

"காலையில ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகுதா? நிக்கறப்ப உதறுதா?"

"உடனே ஸ்டார்ட் ஆயிருதுங்க. உதறலெல்லாம் இல்லீங்க. மைலேஜும் பழையபடிதானுங்க."

"அப்புறம் எதுக்குச் சாமி மருந்து? ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, ஓட்டை வழியா கேமராவை விட்டுக் காட்டச் சொல்லு. பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

கேமரா அவர்களிடம் இல்லையாம். அந்த வரியை அடித்துவிட்டுத்தான் பில் போட்டார்கள்.

கரியால் கெடுதலே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிலிண்டருக்குள் கரி அதிகமானால் இடம் குறைந்து அழுத்தம் கூடும். கரி கங்காகக் கனன்று, பிளக் பொறி விடுவதற்கு முன்னாலேயே பெட்ரோலைப் பற்ற வைக்கும். மேடு ஏறும்போது கேட்கிற "டக டக" சத்தம் அதனாலும் வரலாம். வால்வு முதுகில் அதிகமாக அப்பினால் காற்று சரியாகப் போகாது. வண்டி உதறும், இழுவை குறையும். அப்போது எடுக்கத்தான் வேணும். எந்த இடத்துக் கரிக்கு எந்த வேலை என்பதில்தான் ஏமாற்று நடக்கிறது.

டேங்கில் ஊற்றுகிற மருந்து பெட்ரோல் போகிற இடத்தை மட்டும்தான் சுத்தம் செய்யும். பாலிஈதர் அமீன் கலந்தது என்றால் இன்ஜெக்டரில் வேலை செய்யும், எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் வால்விலும் வேலை செய்யும். நேரடியாகப் பீய்ச்சுகிற வண்டியில் வால்வு முதுகுக்கு அந்தப் பெட்ரோல் போவதே இல்லை. அப்புறம் மருந்து எப்படிப் போகும்?

ஹைட்ரஜன் மெஷின் என்பது தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, வருகிற வாயுவைக் காற்றுக் குழாயில் விட்டு, வண்டியை நின்றபடி கொஞ்ச நேரம் ஓட்டுவது. அந்த வாயு எரிவது சிலிண்டருக்குள். வால்வு முதுகில் இருக்கிற பிசுக்குக்கு அந்தச் சூடு எட்டாது. முடிந்ததும் சைலன்சரில் இருந்து கொஞ்சம் கறுப்புத் தண்ணி சொட்டும், அதைத்தான் "பாத்தீங்களா சார்"னு காட்டுவார்கள். சைலன்சரில் எப்போதும் கொஞ்சம் கரி உண்டு, ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணி வரும். ரெண்டும் கலந்தால் கறுப்புத் தண்ணிதானே!

நேரடிப் பீய்ச்சல் இன்ஜினில் வால்வுக்கு முறையான வைத்தியம், இன்டேக் குழாயைக் கழற்றி அக்ரூட் கொட்டை ஓட்டின் பொடியைக் காற்றில் அடிப்பது. கரி உதிரும், இரும்பில் கீறல் விழாது. கழற்றி மாட்டுகிற வேலை இருப்பதால் கூலி அதிகம். ஆனால் கண்ணால் பார்த்து, கையால் எடுக்கிற வேலை. த்ராட்டில் பாடியையும் ஈ.ஜி.ஆர். வால்வையும் கழற்றித் துடைப்பது அதைவிடச் சின்ன வேலை. ஐட்லிங் ஏறி இறங்கினால் முதலில் அதைத்தான் பார்க்கணும்.

நீலப் புகை விட்டு ஆயில் குடிக்கிற வண்டிக்குக் கரி எடுக்கச் சொன்னால் ரொம்ப உஷாராக இருங்க. ரிங் தேய்ந்த இன்ஜினுக்கு எந்த மருந்தும் புது ரிங் ஆகாது.

அதனால் சர்வீஸில் கரி என்ற பேச்சு வந்தால் நாலு கேள்வி கேளுங்க. என்ன கோளாறுக்காக இதைச் செய்யச் சொல்றீங்க? ஸ்கேனர் போட்டீங்களா, மிஸ்ஃபயர் கோடு ஏதாவது வந்ததா? கேமராவில் காட்ட முடியுமா, வேலை முடிந்த பிறகும் காட்டுவீங்களா? காரோட கையேட்டில் இத்தனை கிலோமீட்டருக்கு இதைச் செய்யணும்னு எழுதியிருக்கா? நல்ல மெக்கானிக்குக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வராது. அவரே கூப்பிட்டுக் காட்டுவார்.

இதில் எனக்கு என்ன அக்கறை என்றால், இதே வியாபாரம் எங்களிடமும் நடக்குதுங்க. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. பயிர் வெளுத்துக் கிடக்குது, யூரியாவுக்கு அவசரம். சில கடைகளில் மூட்டை வேணும்னா கூடவே ஒரு டானிக் பாட்டிலும் எடுக்கணும்பாங்க. மூட்டையை விட பாட்டில் விலை அதிகம். "வேர் நல்லா ஓடும், பூ கொட்டாது"ம்பாங்க. எங்க வயலை அவங்க வந்து பார்த்தது கிடையாது, மண்ணைப் பரிசோதனை பண்ணினதும் கிடையாது. பார்க்காமலே நோய் சொல்றதும், பயத்துக்கு மருந்து விக்கறதும் உரக்கடையிலும் ஒண்ணுதான், கார் கடையிலும் ஒண்ணுதான். இதில் அடி வாங்குவது காசு மட்டும் இல்லை. நாளைக்கு ஒரு நேர்மையான மெக்கானிக் நிஜமாகவே "வால்வைப் பார்க்கணுங்க" என்று சொன்னால், இவரும் அந்த ரகம்தான் என்று நினைத்து விட்டுவிடுவோம். நிஜமான கோளாறு அப்போதுதான் பெரிசாகும்.

மூவாயிரம் ரூபாயை வேறு வழியில் செலவு பண்ணலாம். ஆயிலைக் கையேடு சொல்கிற தரத்தில், சொல்கிற நாளில் மாத்துங்க. கிலோமீட்டர் ஆகவில்லை என்றாலும் மாதக் கணக்குப்படி மாத்துங்க. குட்டைப் பயணம் ஓடுகிற வண்டியில் ஆயில் சீக்கிரம் கெடும். ஏர் ஃபில்டரை நேரத்துக்கு மாத்துங்க. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ போங்க, இன்ஜினுக்கும் நல்லது, முட்டிக்கும் நல்லது. மாசத்துக்கு ஒரு தடவையாவது வண்டியை நல்ல ரோட்டில் விட்டு, சூடேறின பிறகு, அரைமணி நேரம் ஒரே சீராக ஓட்டுங்க. பிளக் சுத்தமாகும், டீசல் வண்டியில் டி.பி.எஃப். கரியும் எரியும். வால்வு முதுகில் அப்பினது இதனால் போகாது. மற்றபடி காசில்லாத வைத்தியம் இதுதான்.

அரைமணி நேரம் நிற்காமல் ஓட்ட ஊருக்குள் எங்கே ரோடு இருக்குதுன்னு கேட்டா, சொந்த ஊருக்கு வாங்க. பெத்தவங்களையும் பார்த்த மாதிரி இருக்கும். போகும்போது டிக்கியில் ஒரு தார் வாழையும் ஏத்தி விடுவாங்க.