வாங்கும் முன் எடை போடுங்கள்

கார் ஷோரூமில் நுழைபவர் மைலேஜ் கேட்பார். எவ்வளவு தள்ளுபடி என்று கேட்பார். கொஞ்சம் விவரமானவர் எத்தனை குதிரைசக்தி என்று விசாரிப்பார். எடை என்ன என்று கேட்பவர் அபூர்வம். குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர வாங்கும் காருக்கு அந்தக் கேள்வி அவசியமில்லை. ஆனால் தினமும் ஆபீசுக்கு ஓட்டிப்போக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். மின்சாரக் காரா, பெட்ரோல் காரா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

காரணம் எளிது. எடை குறைந்த கார் சின்ன எஞ்சினிலேயே துள்ளிக் கிளம்பும். நிறுத்த ராட்சச பிரேக் வேண்டாம். டயர் சீக்கிரம் தேயாது. வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். இத்தனை சுகமும் 50 கி.மீ. வேகத்திலேயே கிடைத்துவிடும். கனமான, 500 குதிரைசக்தி காரில் அதே சுகத்தைத் தேடினால் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தும் வேகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

இந்தச் சித்தாந்தத்தின் பிதாமகர், பிரிட்டனின் லோட்டஸ் கம்பெனியை நிறுவிய காலின் சாப்மன். அவர் 1982ல் மறைந்தார். அவர் வழியிலேயே 1996ல் வந்த லோட்டஸ் எலீஸின் எடை சுமார் 725 கிலோ. மாருதி 800ஐவிடக் கொஞ்சம்தான் அதிகம். வளைவுகளில் அதை மிஞ்சும் கார்கள் சொற்பம். ஆனால் உயரமான பக்கச் சட்டத்தைத் தாண்டி உள்ளே இறங்குவதற்கே யோகாசனப் பயிற்சி வேண்டும். தினசரி உபயோகத்துக்குச் சரிப்படாது. 2021ல் உற்பத்தியும் நின்றுவிட்டது.

தினமும் ஓட்டக்கூடிய லேசான ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட உதாரணம் ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989ல் அறிமுகமாகி, 2016ல் 10 லட்சத்தைத் தொட்டது. 2015ல் ஜப்பானில் வந்த நான்காம் தலைமுறையின் 1.5 லிட்டர் மாடல் 990 கிலோதான். துணிக்கூரையை உட்கார்ந்தபடியே ஒரு கையால் மடக்கலாம். ஏ.சி. உண்டு. எஞ்சின் சாதாரண காரின் எஞ்சினைப் போல அடக்கமானது. குறைகள்: இரண்டே இருக்கை, இரண்டு பைகளோடு நிரம்பிவிடும் டிக்கி. இந்தியருக்கு இன்னொரு குறை: மாஸ்டா இங்கே கடை திறக்கவே இல்லை.

மின்சாரக் கார் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டெஸ்லா 2008ல் விற்கத் தொடங்கிய முதல் கார், எலீஸை அடிப்படையாகக் கொண்டு உருவானது. அதில் 6,831 சின்னச் சின்ன பேட்டரி செல்கள். பேட்டரி மட்டுமே சுமார் 450 கிலோ. 725 கிலோ என்று பிறந்த வடிவம் 1,200 கிலோவைத் தாண்டிவிட்டது.

பேட்டரிக்கும் பெட்ரோலுக்கும் உள்ள வித்தியாசம்தான் காரணம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் சக்தி ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் மூன்றில் இரண்டு பங்கை எஞ்சின் வெப்பமாக வீணடிக்கிறது. மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை. இதைக் கழித்துப் பார்த்தாலும், 77 யூனிட் பேட்டரி செய்யும் வேலையை 20 கிலோ பெட்ரோல் செய்துவிடும். அந்த பேட்டரியோ 400 கிலோவுக்கு மேல் இருக்கும். பெட்ரோல் தீரத் தீர காரின் எடை குறையும். பேட்டரி காலியானாலும் எடை அப்படியேதான் இருக்கும்.

77 யூனிட் என்பது கற்பனை எண் அல்ல. 2025 ஜூலையில் ரூ. 74.99 லட்சம் விலையில் இந்தியாவுக்கு வந்த எம்ஜி சைபர்ஸ்டரின் பேட்டரி அளவு அது. 510 குதிரைசக்தி. 100 கி.மீ. வேகத்தை 3.2 விநாடியில் எட்டிவிடும் என்கிறது கம்பெனி. மேல்நோக்கித் திறக்கும் கதவுகளைத் தெருவே நின்று பார்க்கும். எடை: சுமார் 2 டன். அதாவது இரண்டு எம்எக்ஸ்-5களை ஒரே சாலையில் ஒன்றாக ஓட்டுவது போல.

அதற்காக மின்சாரக் காரை ஒதுக்கிவிட முடியாது. பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் அரைமணி நேரம் ஊர்ந்து பார்த்தவருக்கு கிளட்ச் இல்லாத காரின் அருமை தெரியும். நின்று நின்று போகும் நெரிசலில் எஞ்சின் சூடு இல்லை, சத்தமில்லை. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்புகிறது. ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். தினசரி உபயோகம் என்று மட்டும் பார்த்தால் மின்சாரத்தின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

சிக்கல், பேட்டரியின் அளவில். வீட்டுக்கும் ஆபீசுக்குமாக 40 கி.மீ. ஓட்டுபவருக்கு, ஏ.சி. உட்பட, 8 யூனிட் போதும். மிச்சம் 69 யூனிட்டையும் அவர் தினமும் சும்மா சுமந்துபோய் சும்மா திருப்பிக் கொண்டுவருகிறார். வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயத்துக்காகக் கொடுக்கும் விலை அது, பணத்திலும் எடையிலும். எம்ஜியின் குட்டி கார் காமெட்டின் பேட்டரி 17.3 யூனிட்தான். கார் சுமார் 800 கிலோ. ஆனால் வெறும் 42 குதிரைசக்தி. இந்த இரண்டுக்கும் நடுவே, 30 யூனிட் பேட்டரியும் ஒரு டன் எடையும் கொண்ட துடிப்பான இரண்டு இருக்கை கார் ஒன்று இந்தியச் சாலைகளுக்கு ஏற்றதாக இருக்கும். அதை விற்க இங்கே எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. வாங்குபவர்கள் 'ஒரு சார்ஜில் எத்தனை கி.மீ.' என்று மட்டுமே கேட்கும்வரை முன்வரப்போவதும் இல்லை.

இந்தியாவில் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1990களின் இறுதியில் சான் ஸ்டார்ம் என்ற ஃபைபர் உடல் கொண்ட இரண்டு இருக்கை கார், சின்ன ரெனோ எஞ்சினோடு வந்தது. 2018ல் கோவையின் ஜெயம் ஆட்டோமோடிவ்ஸும் டாடாவும் சேர்ந்து, டியாகோவுக்கு 114 குதிரைசக்தி டர்போ எஞ்சினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் கொடுத்து ரூ. 6.39 லட்சத்துக்கு விற்றன. இரண்டும் நீடிக்கவில்லை.

எனவே இன்று வாங்க நினைப்பவர் சில விஷயங்களைப் பார்த்தே ஆக வேண்டும். டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலியான சாலையில் வைத்துக்கொள்ளக் கூடாது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தான் தினமும் போகும் பாதையில், அங்குள்ள வேகத்தடைகள் மேலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். அடிபாகம் உரசினால் அன்றே தெரிந்துவிடும். வீட்டு பார்க்கிங் சரிவில் ஏற்றி இறக்கிப் பார்ப்பதும் நல்லது. ஸ்டெப்னி உண்டா, பஞ்சர் மருந்து மட்டும்தானா என்று கேட்க வேண்டும். அபார்ட்மென்ட்வாசி என்றால் சார்ஜர் பொருத்த சங்கத்தின் அனுமதியை முன்பணம் கட்டும் முன்பே வாங்கிவிட வேண்டும்.

எடையைத் தெரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. பழைய கார் என்றால் ஆர்.சி.யிலேயே காலி எடை இருக்கும். புதிய கார் என்றால் டீலரிடம் கேட்கலாம். அவர் தெரியாது என்றால், லாரிகள் ஏறி இறங்கும் எடை மேடைக்கு டெஸ்ட் டிரைவ் காரையே ஓட்டிப்போகலாம். கட்டணம் சொற்பம். சீட்டும் கொடுப்பார்கள்.