ஏரிக்குக் கொண்டுபோகும் காற்றுப் படகு

ஆர்.வி. வண்டியில் சமைப்பதைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கோவையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். ஜூன் மாதம் மிச்சிகனில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறாராம். மாப்பிள்ளை ஆர்.வி. வாடகைக்கு எடுத்து லடிங்டனுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அடுப்பு, ஃபிரிட்ஜ், படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டிதான் ஆர்.வி. கூடவே காற்றடைத்த படகு ஒன்றும் வாங்கப் போகிறார்களாம். "பேரனுக்கு ஐந்து வயது, பேத்திக்கு ஒன்பது. எனக்கோ நீச்சலே தெரியாது. வேண்டாம்னு சொல்லட்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் என்று சொல்லாதீர்கள் அம்மா. நம்மில் பாதிப் பேர் ஏரிக்கரைக்கு வந்தும் புளியோதரை டப்பாவைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நீங்களும் ஏறிப் பாருங்கள். ஆனால் எந்தப் படகு, எந்த ஏரி என்ற இரண்டிலும் நீங்கள் வாயைத் திறந்து பேச வேண்டும்.

ஓட்டை விழுந்து மூழ்கிவிடுமோ என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் காற்றின் மேல்தான். மரப்படகு கனமாகத் தண்ணீரில் அமிழ்ந்து நிற்கும். காற்றுப் படகோ எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி மேலாக மிதக்கும். அடியில் தண்ணீரைப் பிடித்து நிற்க ஒன்றும் கிடையாது. உப்பிய பக்கங்களோ பாய் விரித்தது போலக் காற்றை வாங்கிக்கொள்ளும். அதனுடன் வரும் துடுப்புகளும் பெரும்பாலும் பிளாஸ்டிக் கரண்டி லட்சணம்தான். காற்று வலுத்துவிட்டால் நல்ல பலசாலியாலும் எதிர்த்துத் துழாவிக் கரைக்கு வர முடியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு லடிங்டனைப் பாருங்கள். அங்கே ஸ்டேட் பார்க்குக்கு ஒரு பக்கம் மிச்சிகன் ஏரி, இன்னொரு பக்கம் ஹாம்லின் ஏரி, இரண்டுக்கும் நடுவே பிக் சேபிள் என்ற சிறிய ஆறு. மிச்சிகன் ஏரி பெயருக்குத்தான் ஏரி. நீளம் 307 மைல். எதிர்க்கரை விஸ்கான்சின் மாநிலம், கண்ணுக்கே தெரியாது. மேற்கிலிருந்து காற்றடித்தால் அலை புரண்டு வரும், பார்த்ததுமே யாரும் இறங்க மாட்டார்கள். கிழக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து தண்ணீரை நோக்கி, அடிக்கிற காற்றுதான் பொல்லாதது. கரையோரம் தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும். "ஆஹா, அலையே இல்லையே" என்று குழந்தைகளை ஏற்றுவார்கள். மரங்களும் மணல் மேடுகளும் காற்றை மறைத்துக்கொண்டிருப்பது அப்போது தெரியாது. கொஞ்ச தூரம் போனதும் காற்று பிடித்துக்கொண்டு படகை உள்ளே உள்ளே தள்ளும். தண்ணீரோ, ஜூனில் மேலே வெயில் கொளுத்தினாலும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி. அந்தக் குளிரில் திடீரென்று விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கே மூச்சு இழுத்துக்கொள்ளும். அப்படி இழுக்கும்போதுதான் தண்ணீர் உள்ளே போகிறது. அதனால் மிச்சிகன் ஏரியில் இந்தப் படகு வேண்டவே வேண்டாம், மாப்பிள்ளை முகம் சுளித்தாலும் சரி. கரையில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பாருங்கள், அதற்கு அதைப் போல இடம் கிடையாது.

படகுக்கு ஹாம்லின் ஏரி. அணை கட்டித் தேங்கின ஏரி. அதுவும் சுமார் 5000 ஏக்கர் என்பதால் நட்டநடுவுக்குப் போக வேண்டாம். வளைந்து உள்ளே வாங்கிய ஓரங்களில், இறங்கினால் காலுக்குத் தரை தட்டுகிற இடமாகப் பார்த்துச் சுற்றுங்கள். புறப்படும் முன் கொடியில் காயப்போட்ட துண்டு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். முதலில் காற்றை எதிர்த்துப் போக வேண்டும். கை ஓய்ந்து திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்த்துவிடும். மாற்றிப் போகிறவர்கள்தான் கைகாட்டிக் கூப்பிடுகிறார்கள். துண்டு படபடவென்று அடித்துக்கொண்டால் அன்றைக்குச் சீட்டுக்கட்டை எடுங்கள்.

இனி வாங்குகிற விஷயம். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் படத்தையும் "இரண்டு பேர் படகு" என்ற எழுத்தையும் நம்ப வேண்டாம். எத்தனை கிலோ தாங்கும் என்பதைப் பாருங்கள். மலிவான இரண்டு பேர் படகு ஒன்றில் 95 கிலோ என்று போட்டிருக்கிறது. மாப்பிள்ளை 78 கிலோ, பேரன் 18 கிலோ என்றால் அப்போதே ஒரு கிலோ அதிகம்! தண்ணீர் பாட்டிலுக்குக்கூட இடமில்லை. உங்கள் குடும்பத்துக்கு நாலு பேர் படகு என்று விற்பதை வாங்கி, இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளுமாகப் போவதுதான் சரி. அது நல்ல நீளமாக இருக்கும். மடித்தாலும் கனமாகத்தான் இருக்கும். வண்டியின் அடிப்பெட்டியில் இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

காற்றறை ஒன்றுதானா, பலவா என்று கேளுங்கள். தனித்தனியாக மூன்று அறையாவது இருந்தால் ஒன்று போனாலும் மற்றவை தாங்கிக் கரை சேர்க்கும். வெளிப்பக்கம் சுற்றிலும் பிடித்துக்கொள்ளக் கயிறு வேண்டும். காற்று வாய் திருகு மூடி உள்ளதாக இருந்தால் நல்லது. பலூன் போல அமுக்கிச் செருகுகிற மூடியானால் அடைப்பதற்குள் பாதிக் காற்று போய்விடும். பி.வி.சி. கனமாக இருக்க வேண்டும், தொட்டால் மழைக்கோட்டு மாதிரி மெல்லிசாக இருக்கக் கூடாது. பாட்டரி மோட்டார் வேறு வாங்கலாமா என்று பேச்சு வரும். துடுப்பு மட்டும் என்றால் மிச்சிகனில் இவ்வளவு சின்னப் படகைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. மோட்டார் மாட்டினால் அது பாட்டரி மோட்டாரானாலும் பதிவு செய்தாக வேண்டும். நாலு நாள் உல்லாசத்துக்கு எதற்கு அந்த வம்பு?

மடித்து எடுத்துப் போகும் படகு ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1840களிலேயே பீட்டர் ஹால்கெட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, மேலங்கியாகப் போட்டுக்கொண்டு வேண்டும்போது ஊதிப் படகாக்கிக்கொள்ளும் ஒன்றைச் செய்தார். கைத்தடியே துடுப்பு, குடையே பாய்! ஆண்பிள்ளைகள் சாமான் கட்டும் அழகைப் பார்க்கும்போது எனக்கு அந்த மனிதர் ஞாபகம்தான் வரும்.

காற்றடிக்க வண்டியின் 12 வோல்ட் சொருகியில் மாட்டும் பம்பு வசதி. முக்கால்வாசி அதில் அடித்துவிட்டுக் கடைசியில் காலால் மிதிக்கும் பம்பால் முறுக்கேற்றலாம். பம்பு போடும் இரைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மிச்சிகன் ஸ்டேட் பார்க்குகளில் இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை சத்தம் கூடாது. அதற்கு முன்னே அடித்தால் பக்கத்து வண்டிக்காரர் கதவைத் தட்டுவார். வெயிலில் காற்று விரியும், ஆகவே கரையில் கிடக்கும் படகில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் தொய்வது போலத் தெரியும், அப்போது மீண்டும் இரண்டு அடி அடித்தால் போதும். இரவில் மரத்தில் கட்டி வையுங்கள், தணல் மூட்டும் இடத்துக்குத் தள்ளியே இருக்கட்டும். ஒரு பொறி பட்டாலும் ஓட்டைதான்.

உயிர்காப்புச் சட்டை: படகில் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும், அதுவும் கோஸ்ட் கார்டு அங்கீகாரம் அச்சிட்டதாக. மிச்சிகன் சட்டப்படி ஆறு வயது ஆகாத குழந்தை அதை அணிந்தே இருக்க வேண்டும், ஆகவே பேரன் தப்ப முடியாது. பெரியவர்களுக்கு "கூட இருந்தால் போதும்" என்கிறது சட்டம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தண்ணீரில் விழுந்த பிறகு சட்டை மாட்ட யாருக்கு முடியும்? எல்லாரும் கரையிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள், நீங்கள் முதலில். குழந்தைக்குப் போட்டுப் பட்டைகளை இறுக்கிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது பெரிசு. கால் இடுக்கில் பட்டை உள்ளதாக வாங்குங்கள். கையில் மாட்டும் காற்று வளையங்கள் விளையாட்டுச் சாமான், அதை நம்பக் கூடாது.

நமக்கென்று சில உண்டு. புடவையோடு ஏறாதீர்கள். நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். சுடிதார் நல்லது, துப்பட்டா வண்டியிலேயே இருக்கட்டும். ஊக்கு, கொண்டை ஊசி, கூரான மெட்டி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். தூண்டில் முள்ளைப் பற்றிச் சொல்பவர்கள் யாரும் நம் ஊக்கைப் பற்றிச் சொல்வதில்லை. படகைத் தரையில் இழுக்காமல் இருவர் தூக்கிப் போக வேண்டும். முழங்கால் தண்ணீரில் வைத்து, முதலில் படகின் நடுவில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே எடுங்கள். ஏறியபின் யாரும் எழுந்து நிற்கக் கூடாது, டப்பா நீட்டக்கூட.

கிளம்பும் நாளில் படகைத் தண்ணீர் வடித்து, பாசி இலை எடுத்து, உலர்த்தியே மடிக்க வேண்டும். பூஞ்சைக்காக மட்டுமில்லை. 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடித்த வரிக்குதிரைச் சிப்பி இப்படிப் படகோடு ஒட்டிக்கொண்டுதான் பல ஏரிகளுக்குப் பரவியது. 2019 முதல் மிச்சிகனில் படகைத் துடைத்து வடிக்காமல் ஏற்றிப் போவது குற்றம். வேறு ஏரிக்குப் போவதற்குள் ஐந்து நாள் காய்ந்தால் நிம்மதி.

சின்ன ஓட்டை என்றால் சோப்பு நுரை தடவுங்கள், குமிழ் வரும் இடத்தில் இருக்கிறது. நன்றாகத் துடைத்துக் காயவைத்து, கூட வந்த ஒட்டுத்துண்டைப் போட்டு ஒரு நாள் விட வேண்டும். அடுத்த பயணத்துக்கு முன் வீட்டிலேயே முழுக்க ஊதி ஒரு இரவு வைக்கச் சொல்லுங்கள். இரவுக் குளிரில் கொஞ்சம் தளர்ந்தால் பரவாயில்லை. காலையில் துணி மாதிரித் தொய்ந்து கிடந்தால் அதை வண்டியில் ஏற்றவே விடாதீர்கள்.